கம்பத்துக்கு உரிமையாளர் உண்டு

கனடாவின் பசிபிக் கரையில் 1929-ஆம் ஆண்டு இரண்டு குலக்குறிக் கம்பங்கள் ஐரோப்பாவுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஹைஸ்லா மக்களின் கம்பம் ஸ்டாக்ஹோமுக்குப் போனது. நிஸ்கா மக்களின் கம்பம் எடின்பரோவுக்குப் போனது. முதலாவது 2006-இல் ஊர் திரும்பியது. இரண்டாவது, 2023 செப்டம்பரில் கனடா விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் திரும்பியது. இடைப்பட்ட காலம் முழுக்க அவை அழிவிலிருந்து காப்பாற்றப்பட்டன என்பது அருங்காட்சியகங்களின் வழக்கமான வாதம். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பேச, அந்தக் கம்பங்கள் எதற்காக நடப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவை வழிபாட்டுச் சிலைகள் அல்ல. மிஷனரிகள் அப்படித்தான் நினைத்தார்கள். பல ஊர்களில் வெட்டி எரிக்கவும் வைத்தார்கள். அலாஸ்காவின் தெற்கிலிருந்து வான்கூவர் தீவு வரையிலான மழைக்காட்டுக் கரையில் ட்லிங்கிட், ஹைடா, நிஸ்கா, கிட்க்ஸான், ஹைஸ்லா போன்ற மக்கள் செஞ்சீடர் மரத்தில் செதுக்கிய காகம், கழுகு, கரடி, ஓநாய், திமிங்கலம், தவளை எல்லாம் ஒரு 'வீட்டின்' சின்னங்கள். வீடு என்றால் இங்கே பரம்பரைக் கூட்டம். எந்த மூதாதை எந்த ஆற்றங்கரையில் எந்த விலங்கைச் சந்தித்தார், அதனால் எந்த நிலமும் மீன்பிடித் துறையும் எந்தப் பெயரும் அந்த வீட்டுக்கு வந்தன என்பதை அந்த உருவங்கள் சொல்லும். நம் மொழியில் சொன்னால் பட்டா, மெய்க்கீர்த்தி, நடுகல் மூன்றும் ஒரே மரத்தில். அடுத்த வீட்டின் சின்னத்தை எடுத்துச் செதுக்குவது அங்கே குற்றம்.

மரத்தை நட்டால் மட்டும் போதாது. பொட்லாட்ச் என்னும் பெருவிருந்துக்குப் பல ஊர்க்காரர்களை அழைத்து, கம்பத்தின் வரலாற்றை அவர்கள் முன் சொல்லி, பரிசுகள் வழங்க வேண்டும். அந்தப் பரிசு சாட்சிக் கூலி. வாங்கிக்கொண்டவர், கேட்டதை நினைவில் வைத்திருந்து பின்னாளில் சொல்லக் கடமைப்பட்டவர். எழுத்தாவணம் இல்லாத சமூகம் என்று இவர்களைச் சொல்பவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை.

கடனைத் திருப்பாதவரை அவமானப்படுத்தும் கம்பமும் உண்டு. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்க ஏற்பாடு செய்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்ட், 1869-இல் அங்கே வந்து ஒரு ட்லிங்கிட் தலைவரின் விருந்தையும் பரிசுகளையும் பெற்றுக்கொண்டார். பதில் விருந்து வைக்கவில்லை. மூக்கிலும் காதிலும் சிவப்பு பூசிய சீவர்ட், வாங்கிய பரிசுப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கம்பம் எழுந்தது. அது பழுதானதும் புதிதாகச் செதுக்கி, கெட்சிகன் நகருக்கு அருகே சாக்ஸ்மனில் மறுபடி நிறுத்தினார்கள். சீவர்டின் கடன் இன்னும் தீரவில்லை என்பது அவர்கள் கணக்கு.

இந்த ஏற்பாட்டின் அடிமடியில்தான் கனடா அரசு கை வைத்தது. 1884-இல் செவ்விந்தியர் சட்டத்தைத் திருத்திப் பொட்லாட்ச்சைக் குற்றமாக்கியது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. 1921-இல் அந்தக் கரையோர வில்லேஜ் தீவில் நடந்த பெரிய விருந்துக்குப் பிறகு பலர் சிறைக்குப் போனார்கள்; தப்ப நினைத்தவர்கள் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1862-இல் விக்டோரியா நகரிலிருந்து கரை நெடுகப் பரவிய பெரியம்மை ஊர்களைக் காலியாக்கியிருந்தது. பல்லாயிரமாக இருந்த ஹைடா மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு பேராகச் சுருங்கினார்கள். சேகரிப்பாளர்கள் 'கைவிடப்பட்ட ஊர்கள்' என்று குறித்து வைத்தவற்றில் பல இவைதான்.

1927-இல் வந்த இரண்டு விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, நில உரிமை கோருவதற்காகப் பழங்குடிகளிடம் அரசு அனுமதியின்றி நிதி திரட்டுவதைத் தடுத்தது. வழக்கறிஞர் வைக்கும் வழி அதோடு அடைபட்டது. இன்னொன்று, அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள கம்பங்களை வாங்க அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது. உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தக் காலத்தில் செவ்விந்தியர் விவகாரத் துறையின் தலைமை அதிகாரி டங்கன் கேம்பல் ஸ்காட். பொட்லாட்ச் தடையை மும்முரமாக அமல்படுத்திய இவரே, ஸ்கீனா ஆற்றோரக் கம்பங்களைச் செப்பனிடும் குழுவிலும் இருந்தார். ரயிலில் வரும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கக் கம்பங்கள் வேண்டும்; அவற்றுக்கு உயிர் கொடுக்கும் விருந்து வேண்டாம். வரலாற்றில் அரசுகளின் பண்பாட்டுப் பற்று பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஹைஸ்லா கம்பம் அப்படி ஓர் அரசு ஒப்புதலோடுதான் போனது. கப்ஸ்கோலக்ஸ் என்ற தலைவர் பெரியம்மைக்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். துயரத்தோடு காட்டில் அலைந்தபோது த்ஸூடா என்ற ஆவி எதிர்ப்பட்டு, இறந்தவர்களை மறுபடி காண வழி சொன்னதாக அவர்கள் வரலாறு. அந்த நினைவுக்காக 1872-இல் மிஸ்கூசா ஊரில் எழுப்பியது இந்த ஒன்பது மீட்டர்க் கம்பம். ஸ்வீடனின் தூதரக அதிகாரி ஒருவர் அதை வெட்டி அனுப்பினார். காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ஸ்டாக்ஹோமில் அதை நிறுத்த உயரமான கூடம் இல்லாமல் பல பத்தாண்டுகள் கிடங்கில் போட்டிருந்தார்கள். ஹைஸ்லா மக்கள் 1991-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1994-இல் ஸ்வீடன் அரசு திருப்பித் தர இசைந்தது. அதற்கு ஈடாக ஹைஸ்லா சிற்பிகள் இரண்டு பிரதிகள் செதுக்கினார்கள். ஒன்றை மிஸ்கூசாவில் நட்டு, இன்னொன்றை ஸ்வீடனுக்குக் கொடுத்தார்கள். பறிகொடுத்தவர் பறித்தவருக்குப் பரிசளித்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியும் ஒரு நிபந்தனை குறுக்கே நின்றது. தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கட்டடத்தில் வைத்தால்தான் கம்பத்தை அனுப்புவோம் என்றது அருங்காட்சியகம். அதற்குப் பணம் திரட்டுவதில் ஆண்டுகள் ஓடின. 2006-இல் திரும்பிய கம்பம் கிட்டிமாட் நகரத்தின் வணிக வளாகம் ஒன்றில் சில காலம் கிடந்தது. கடைசியில் மிஸ்கூசாவுக்கே கொண்டுபோய், மண்ணில் கிடத்தினார்கள்.

பாதுகாவலர்களுக்கு இது அதிர்ச்சி. ஆனால் அந்தக் கரையின் வழக்கம் அதுதான். ஓயாத மழையில் செஞ்சீடர் கம்பம் நூறாண்டு வாக்கில் நிற்கும், பிறகு சாயும். சாய்ந்ததைத் தூக்கி நிறுத்தாமல் மக்கவிடுவார்கள். தேவையானால் புதுக் கம்பம் செதுக்கி, புது விருந்து வைத்து, உரிமையைப் புதுப்பிப்பார்கள். உரிமை மரத்தில் இல்லை, விருந்தில் இருக்கிறது. விருந்தைத் தடைசெய்துவிட்டு மரத்தைப் பத்திரப்படுத்தியது எவ்வளவு தலைகீழான வேலை என்பது இங்கே தெரியும்.

நிஸ்கா கம்பத்தின் கதை சுருக்கமானது. அடுத்த தலைவராக வேண்டிய த்ஸவாவிட் என்ற வீரரின் நினைவாக, ஜோனா மூடி என்ற மூதாட்டி அதைச் செதுக்கவைத்தார். ஊரார் பருவ வேலைக்குப் போயிருந்த வேளையில், மானிடவியலர் மாரியஸ் பார்போ அதை எடுப்பித்து எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விற்றார். நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்றது அருங்காட்சியகம். அந்த வீட்டுச் சொத்தை விற்கத் தனியாள் எவருக்கும் உரிமையில்லை என்றார்கள் நிஸ்கா மக்கள். 2022 ஆகஸ்டில் நேரில் போய்க் கேட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஸ்வீடன் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட காரியம் ஸ்காட்லாந்தில் ஓராண்டில் முடிந்திருக்கிறது. பதினொரு மீட்டர் நீளத்தையோ ஒரு டன் எடையையோ யாரும் தடையாகச் சொல்லவில்லை.

முறையாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? கொடுத்தார்கள். 1958-இல் கிட்வன்கூல் என்ற கிட்க்ஸான் ஊர் மக்கள் தங்கள் கம்பங்கள் சிலவற்றைத் தங்கள் மாகாண அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க இசைந்தார்கள். பணம் கேட்கவில்லை. அச்சு அசலான பிரதிக் கம்பங்களும், தங்கள் வரலாறு, எல்லை, சட்டம் மூன்றையும் தாங்கள் சொன்னபடி அச்சிட்ட நூலும் கேட்டார்கள். நூல் மறு ஆண்டே வெளிவந்தது. தாங்கள் எதைக் கொடுக்கிறோம், எதை எழுதி வாங்குகிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

நீதிமன்றங்களுக்குத்தான் புரிய நாளானது. கிட்க்ஸான், வெட்சுவெட்டென் மக்களின் நில வழக்கில் மேரி ஜான்சன் என்ற மூத்த பெண்மணி தன் வீட்டுக்குரிய பாடலைச் சாட்சியமாகப் பாட முன்வந்தார். தனக்கு இசையறிவு இல்லை, பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி. 1991-இல் அவர் தள்ளிய வாய்மொழி வரலாறுகளுக்கு உரிய எடை தர வேண்டும் என்று 1997-இல் அதே வழக்கின் டெல்கமூக் தீர்ப்பில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பங்களில் செதுக்கியிருப்பது அதே வரலாறுகள்தான்.

அருங்காட்சியகங்களின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடலாம். தடைக்காலத்தில் செதுக்கும் கலை அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. பில் ரீட் போன்ற ஹைடா கலைஞர்கள் அருங்காட்சியகக் கம்பங்களைப் பார்த்தும் அதைக் கற்றார்கள். 1969-இல் இளைஞர் ராபர்ட் டேவிட்சன் மாசெட் என்ற ஹைடா ஊரில் ஒரு கம்பத்தை நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அவ்வூரில் எழுந்த முதல் கம்பம் அது. சேகரித்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் இடைக்காலப் பாதுகாவல் உடைமையாகிவிடாது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெரிய முற்றத்தில் கயங் என்ற ஹைடா ஊரின் கம்பம் இன்றும் நிற்கிறது. டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகப் படிக்கட்டின் நடுவே நிற்கும் நிஸ்கா கம்பத்தின் உயரம் இருபத்துநான்கு மீட்டருக்கும் அதிகம். ஊர் திரும்பிய அந்த இரண்டு கம்பங்களையும் தேடிப்போய்க் கேட்டவர்கள் பறிகொடுத்தவர்களே. பல கம்பங்கள் எந்த வீட்டுடையவை என்பது அருங்காட்சியகங்களின் பதிவேடுகளில் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு முதல் கடிதத்தை இனி அவர்கள் எழுதட்டும், நிபந்தனை எதுவும் சேர்க்காமல்.