வீதியின் தரத்தை அளப்பது யார், எதனைக் கொண்டு?

காபட் இடப்பட்ட வீதியொன்று திறந்து வைக்கப்படும் தினத்தில் நாடா வெட்டப்படுகின்றது. பெயர்க்கல் திரைநீக்கம் செய்யப்படுகின்றது. இத்தனை கிலோமீற்றர், இத்தனை மில்லியன் ரூபா என்று உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. ஆனால், அவ்வீதியின் மேற்பரப்பு எந்தளவுக்குச் சமமாக அமைந்துள்ளது, அதனை அளந்தவர் யார், எந்தக் கருவியினால் அளந்தார் என்ற வினாக்கள் அந்த மேடைகளில் எழுவதேயில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாட்டின் பல பாகங்களிலும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்துச் சென்றதன் பின்னர், அவற்றை மீளமைப்பதற்குப் பெருந்தொகைப் பொதுப்பணம் தேவைப்படும் இவ்வேளையில், இவ்வினாக்களைப் பொறியியலாளர்களிடம் மாத்திரம் விட்டுவிட முடியாது.

சீரான வீதி என்பது சொகுசு வாகனக்காரர்களின் தேவை என எண்ணுவது தவறாகும். தோட்டப்புறத்திலிருந்து நகர வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் கர்ப்பிணித் தாய்க்கும், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிச் சாரதிக்கும், அன்றாட உழைப்பை நம்பி வாழும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கும் அது வாழ்வோடு சம்பந்தப்பட்ட விடயமாகும். மேலும், கரடுமுரடான வீதியில் துள்ளிச் செல்லும் கனரக வாகனம் வீதியின் மீது கூடுதலான தாக்கத்தை ஏற்படுத்துவதால், மோசமான வீதி விரைவாக மேலும் மோசமடைகின்றது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு நாடும் தனக்குரிய கருவியையும் அலகையும் பயன்படுத்தி வந்தமையால், ஒரு நாட்டின் பெறுபேற்றை மற்றொரு நாட்டினதுடன் ஒப்பிட முடியாதிருந்தது. இக்குறையை நீக்கும் பொருட்டு, உலக வங்கியின் ஆதரவுடன் 1982 ஆம் ஆண்டு பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. தலா 320 மீற்றர் நீளமான 49 வீதிப் பகுதிகளில் வெவ்வேறு நாடுகளின் கருவிகள் ஒருங்கே சோதிக்கப்பட்டன. தார் வீதிகள் மாத்திரமன்றி, கிரவல் வீதிகளும் மண் வீதிகளும் அவற்றுள் அடங்கியிருந்தன. அதன் விளைவாக உருவானதே இன்று உலகெங்கும் வழக்கிலுள்ள சர்வதேச கரடுமுரடுச் சுட்டெண்ணாகும். நியமக் காரொன்று மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீற்றர் தூரத்தில் அதன் வில் தொகுதி மொத்தமாக எத்தனை மீற்றர் அசையும் என்பதையே அது குறிக்கின்றது. பூச்சியம் என்பது முழுமையான சமதளம். நன்கு அமைக்கப்பட்ட புதிய வீதி 2 ஐ அண்மித்திருக்கும். குன்றும் குழியுமான வீதி 10 ஐயும் தாண்டும்.

சுட்டெண் ஒன்றாயினும் கருவிகள் பலவாகும். மட்டம் பார்க்கும் கருவியையும் அளவுகோலையும் கொண்டு அடிக்கடி நிறுத்தி அளப்பது மிகத் துல்லியமானது. ஆயினும் மிக மந்தமானது. வாகனத்தின் அச்சில் ஏற்படும் துள்ளலைக் கணக்கிடும் கருவி மலிவானதும் விரைவானதுமாகும். ஆனால், அது வீதியை அளக்கும் அதேவேளை வாகனத்தையும் சேர்த்தே அளக்கின்றது. டயரின் காற்றழுத்தம், வில்லின் தேய்மானம், ஏற்றப்பட்ட சுமை என்பன மாறினால் பெறுபேறும் மாறும். எனவே, அதனைக் காலத்துக்குக் காலம் துல்லியமான வேறொரு கருவியுடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

1960 களில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோன்றிய முறையின் வழிவந்த இன்றைய லேசர் கருவி, வாகனத்தின் அசைவைத் தனியாகக் கணித்து நீக்கிவிட்டு வீதியின் உண்மையான வடிவத்தைப் பதிவு செய்கின்றது. நெடுஞ்சாலைகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. எனினும், நின்று நின்று செல்ல வேண்டிய நகர வீதிகளிலும், நீர் தேங்கிய மேற்பரப்பிலும், கிரவல் வீதிகளிலும் அதன் நம்பகத்தன்மை குறைகின்றது. விலையும் எமது பிரதேச சபைகளுக்கு எட்டாததாகும்.

இந்நிலையில், பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுகூடம் 1991 இல் வெளிப்படுத்திய 'மேர்லின்' என்னும் எளிய கருவி கவனத்திற்குரியது. முன்னே ஒரு சைக்கிள் சில்லு, 1.8 மீற்றர் பின்னே ஒரு கால், இரண்டுக்கும் நடுவே வீதியைத் தொடும் ஒரு முனை, ஒரு காகித அட்டவணை ஆகியவையே அதன் பிரதான பாகங்கள். ஏறக்குறைய 400 மீற்றர் தள்ளிச் சென்று 200 தடவைகள் குறிக்கப்படும் புள்ளிகளின் பரவலிலிருந்து சுட்டெண் கணிக்கப்படுகின்றது. சாதாரண இரும்புப் பட்டறையிலேயே இதனைச் செய்து கொள்ளலாம். கையடக்கத் தொலைபேசியின் அதிர்வுணரியைக் கொண்டும் இன்று வீதிகள் அளக்கப்படுகின்றன. எந்த வீதியை முதலில் திருத்துவது எனத் தீர்மானிக்க அது உதவலாமே அன்றி, ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பனவு வழங்குவதற்கு அது ஆதாரமாகாது.

விலையுயர்ந்த கருவி இருந்துவிட்டால் மாத்திரம் உண்மை வெளிவந்துவிடாது என்பதற்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநில அனுபவம் சான்றாகும். அங்கு பயன்படுத்தப்பட்ட நீண்ட சட்டகக் கருவியின் வரைபில், 5 மில்லிமீற்றர் அளவிலான ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் கொள்ளாது விடுவது வழமையாக இருந்தது. இதனால், பயணிகள் அதிர்வை உணர்ந்த கொங்கிரீட் வீதிகளும் ஏட்டளவில் சீரானவையாகவே தோன்றின. 1990 இல் அச்சலுகை நீக்கப்பட்ட பின்னரே உண்மை நிலை ஏட்டில் பதிவாகத் தொடங்கியது. கருவி பொய் சொல்லவில்லை. எதனைப் பார்க்காது விடுவது என்று மனிதர் வகுத்த விதியே குறையை மறைத்தது.

எனவே, எந்தக் கருவி சிறந்தது என்ற விவாதத்தை விட, அது எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதே முக்கியமானதாகும். திருத்த வேலைக்கு முன்னரும், வேலை முடிந்த உடனும், பராமரிப்புக் காலம் முடிவடையும் போதும் ஒரே முறையில் அளவீடு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தகாரர் தனது வேலையைத் தானே அளந்து தானே சான்று வழங்கும் நிலை இருக்கலாகாது. பெறுபேறுகள் மும்மொழிகளிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அத்துடன், சீரான வீதியெல்லாம் உறுதியான வீதியாகிவிடாது என்பதையும் மறந்துவிடலாகாது. பலவீனமான அடித்தளத்தின் மீது இடப்பட்ட மெல்லிய காபட்டும் திறப்பு விழா நாளில் நல்ல சுட்டெண்ணையே காட்டும். அடித்தளத்தின் உறுதியும் வடிகாலமைப்பும் வேறாகச் சோதிக்கப்பட வேண்டியவையாகும்.

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும், ஏனையவை மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பிலும் உள்ளன. கிராமத்து மக்களின் கால்களும் சைக்கிள்களும் அன்றாடம் படுவது பிந்திய வகை வீதிகளிலேயாகும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவாகிய உள்ளூராட்சி உறுப்பினர்கள், எந்த ஒழுங்கைக்கு முதலில் நிதி என்பதை ஆதரவாளர் தொகையைப் பார்த்தன்றி, அளவீட்டைப் பார்த்துத் தீர்மானிக்க முன்வர வேண்டும். சைக்கிள் சில்லில் இயங்கும் கருவியொன்று அதற்குப் போதுமானதாகும். அளக்கப்படாத வீதிக்காகச் செலவிடப்படும் பணத்திற்கும் கணக்கு இராது என்பதை உரிய தரப்பினர் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.