சிறுதேரும் சிறுவண்டியும்

பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் குழந்தைக்கு உரிய இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவமாகும். வீதியில் உலா வரும் பெருந்தேரைக் கண்ட குழந்தை, தன் கைக்கு அடங்கும் தேர் ஒன்று வேண்டும் என்று விழைகின்றது. தச்சன் அதனைச் செய்து கொடுக்கின்றான். பொருநைக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரரும் தம் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழில் இப்பருவத்தைப் பாடியுள்ளார். நெல்லையப்பர் கோயிற் பெருந்தேர் ஆனித் திங்களில் அசைந்து வரும் காட்சியைக் கண்ட சிறுவர், வீடு திரும்பியதும் திண்ணையில் சிறுதேர் உருட்டுதல் இயல்பே. அம்பாசமுத்திரத்துக் கடைசல் தொழிலாளர் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் சொப்புச் சாமான்களும் இவ்விருப்பத்தின் விளைவே ஆகும்.

ஆயினும், சொப்பு வேறு. அளவு பிறழாத சிற்றுரு வேறு. சொப்புக் குடம் குடம்போல் தோன்றினால் போதும். அதன் கழுத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள விகிதம் மெய்க்குடத்தின் விகிதத்தோடு ஒத்திருக்கிறதா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. சிற்றுருவோ அக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. மேலைநாடுகளில் புகைவண்டிச் சிற்றுருக்களைச் செய்வோர், பொழுதுபோக்கிற்காகவே கூடும் குழுவினராயினும், இவ்வளவு நெறியிற் காட்டும் கண்டிப்பு வியக்கத் தக்கது. பிரித்தானியாவில் ஓரடி நீளத்தை 4 மில்லிமீட்டராகச் சுருக்கும் வழக்கம் பரவலானது. அந்நாட்டு இருப்புப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 4 அடி 8½ அங்குலம். அது சிற்றுருவில் 18.83 மில்லிமீட்டர் ஆதல் வேண்டும். ஆனால், கடைகளில் விற்ற பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. மெய்யளவிற் கணக்கிட்டால், ஏறத்தாழ ஏழு அங்குலம் குறைவு! பார்ப்பவர் பலர் இதனைக் கண்டறியார். அவ்வாறிருந்தும், 1960-களில் சிலர் இக்குறையைப் பொறாது, சக்கரம், அச்சு, தண்டவாளம் அனைத்தையும் 18.83 மில்லிமீட்டருக்கு ஏற்பத் தம் கையாலேயே செய்யத் தலைப்பட்டனர். இதனை நுண்ணளவு நெறி எனலாம்.

இத்துணை உழைப்பு எதற்கு என்று வினவுவார் உளர். அவருக்கு விடையாக இங்கிலாந்தில் லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்தைச் சுட்டலாம். அதனை நிறுவிய ராய் இங்கிலாந்து என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் அந்நாட்டுக்கு வந்தவர். தாம் கண்டு மகிழ்ந்த சிற்றூர்களில் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருமாறுவதைக் கண்டு அவர் வருந்தினார். அம்மாற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை. ஆகவே, அவ்வீடுகளை அளந்து, அட்டையில் செங்கற்களைக் கீறி, வண்ணம் தீட்டிச் சிற்றுருக்களாக்கினார். 1954-இல் அருங்காட்சியகமாக உருப்பெற்ற அப்பணி, பயன் கருதாத் தொண்டர் பலரின் கைகளால் வளர்ந்தது. அவர் 1995-இல் மறைந்த பின்னும் அது நிற்கவில்லை.

அவ்வருங்காட்சியகத்திலேயே பழைய சிற்றுரு ஒன்றும் பேணப்படுகின்றது. ஜான் ஆகர்ன் என்பவர் அமைத்த ‘மேடர் பள்ளத்தாக்கு’ இருப்புப்பாதை அது. வண்டி மட்டும் ஓடினாற் போதும் என்று பலர் எண்ணிய காலத்தில், ஆறும் தெருவும் கடைகளும் சூழ்ந்த நிலக்காட்சி முழுவதையும் அவர் படைத்தார். அவர் 1961-இல் காலமான பின் அது பென்டனுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய நுண்ணளவு நெறியால் நோக்குவார்க்கு அதில் குறைகள் தோன்றும். அவற்றைத் திருத்திவிடலாமே என்று கை துடிக்கும். தொண்டர்கள் அங்ஙனம் செய்திலர். அவர் விட்டுச் சென்றவாறே அதனைக் காத்தனர்.

அவர்கள் செய்ததே நேரிது. பழைய சிற்றுருவைச் செப்பனிடுதல் எளிய வேலை அன்று. ஈரத்தால் பலகை முறுக்கிக் கொள்ளும். பசை காய்ந்து சுவர்கள் பிரியும். மின்கம்பியின் மேலுறை நொறுங்கும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் களிம்பும் அழுக்கும் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். இவற்றையெல்லாம் மாற்றியே தீர வேண்டும். மாற்றாவிடில் வண்டி ஓடாது. ஆனால், ஓடுவதற்கு வேண்டியதை மாற்றுதல் ஒன்று. முதலில் செய்தவன் கருத்தையே மாற்றுதல் மற்றொன்று. இரண்டாவதைச் செய்தவன் செப்பனிட்டவன் ஆகான். அவன் புதிதாக ஒன்றைச் செய்து, பழையவன் பெயரை அதன்மேல் ஒட்டியவனே ஆவான்.

ஏடு பதிப்பித்தலும் இத்தகையதே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடிப் பொருநைக் கரை ஊர்களுக்கும் வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீட்டு ஏடுகளைக் கண்டு களித்தார். குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரிசையாக வரும் இடத்தில், அவரிடம் இருந்த ஏடுகளிற் சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. மலர்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாதவை அல்ல. யாப்புக்குப் பொருந்த மூன்றைச் செருகியிருந்தால் கண்டுபிடிப்பார் இலர். அவர் செருகவில்லை, தேடினார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் அம்மலர்கள் கிடைத்தன. அவர் செருகியிருப்பின், அந்த ஏட்டைத் தேட வேண்டிய காரணமே இல்லாமற் போயிருக்கும்.

இனி, பொருநை நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாக மேற்கே செல்லும் இருப்புப்பாதை 1903-இல் செங்கோட்டையை எட்டியது. மறு ஆண்டு அது மலையைக் குடைந்து கடந்து கொல்லத்தோடு இணைந்தது. அது மீட்டர்ப் பாதை. தண்டவாள இடையகலம் 1,000 மில்லிமீட்டர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்பாதையில் வண்டிகள் ஓடின. பின்னர்ப் பாதை முழுவதும் பகுதி பகுதியாக அகலப் பாதையாக மாறியது. திருநெல்வேலி - தென்காசிப் பகுதியில் 2012-இலும், செங்கோட்டை - புனலூர் மலைப்பகுதியில் 2018-இலும் புதிய பாதை திறக்கப்பெற்றது. இம்மாற்றத்தால் மக்கள் பெற்ற நன்மை பெரிது. இடையில் வண்டி மாறாமல் நெடுந்தொலைவு செல்ல இயலும் இந்நாளில், குறுகிய பாதையே மீண்டும் வர வேண்டும் என்று விரும்புவது பேதைமை.

ஆனால், மறைந்ததன் அளவுகளும் உடன் மறைய வேண்டுவதில்லை. புனே நகரில் 1998 முதல் ஜோஷி சிறுவடிவ இரயில் அருங்காட்சியகம் நடைபெற்று வருகின்றது. ஆதலின், இக்கலை நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதும் அன்று. மீட்டர்ப் பாதையில் வண்டி ஓட்டியவரும், கைகாட்டியை இறக்கியவரும், நிலையத்தில் மணி அடித்தவரும் இவ்வூர்களில் முதியோராக இருக்கின்றனர். கைகாட்டி மரம் நிலையத்தின் எப்பக்கத்தில் நின்றது, நீர்த்தொட்டி எத்துணை உயரம், நடைமேடையில் நிழல் தந்த மரம் வேம்போ புங்கோ என்பவற்றை அவர்கள் வாயால் இன்று கேட்டறியலாம். அட்டையும் பலகையும் எந்நாளும் கிடைக்கும். அவர்கள் என்றும் இருக்க மாட்டார்கள். பள்ளியில் அமையும் குழு ஒன்று முதலில் கையில் எடுக்க வேண்டியது உளியன்று, அளவுநாடாவும் குறிப்பேடுமே.

கணக்கும் கடினமன்று. ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்றால், அளவு ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. மீட்டர்ப் பாதை 13 மில்லிமீட்டருக்குச் சற்று மிகும். இன்றைய 5 அடி 6 அங்குல அகலப் பாதை சரியாக 22 மில்லிமீட்டர் ஆகும். இரண்டையும் அருகருகே வைத்தால், பாதை மாற்றம் என்ன செய்தது என்பதைச் சிறு பிள்ளையும் உணரும். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை உள்ள தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அதனை இவ்வளவிற் சுருக்கினாலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். எந்தப் பள்ளிக் கூடத்திலும் அதற்கு இடமில்லை. ஆகவே, ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே பாதை பொருநையைக் கடக்கின்றது. ஆறும் பாலமும், இரு கரையிலும் வயலும், மேற்கே மலையும் ஒருங்கே அமைந்த அவ்விடமே தக்கது என்பர் சிலர். தென்காசியே வேண்டும் என்று அவ்வூரார் வாதிடக்கூடும்.