இல்லப் பராமரிப்பு: ஷவர் ஏன் சொட்டுகிறது?

பேத்தமங்கலம் ஏரி நீரைப் பொதுக் குழாயடியில் காத்திருந்து பிடித்து வளர்ந்தவர்கள் தங்கவயல் மக்கள். இன்று பல இல்லங்களில் ஆழ்துளைக் கிணறும் மாடித் தொட்டியும் ஷவரும் வந்துவிட்டன. ஆயின், "மழைபோல் பொழிந்தது, ஆறு திங்களில் சொட்டத் தொடங்கிவிட்டது" என்னும் முறையீடும் உடன் வந்தது. நாமும் அவ்வாறே சலித்துப் பழையதை எறிந்து புதியது வாங்கினோம். அதற்கும் அதே கதி நேர்ந்தபோதுதான் குற்றம் ஷவரில் அன்று, நீரில் என்று தெளிந்தோம்.

கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகள் துளைகளில் உலர்ந்து வெண்பொருக்காகப் படிகின்றன. ஷவரைக் கழற்றி, உள்ளிருக்கும் சல்லடையை அலசி, வினிகரும் நீரும் சமமாகக் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். இரு திங்களுக்கு ஒருமுறை இதனைச் செய்தல் நன்று. கழிப்பறை கழுவும் ஆசிட் கூடவே கூடாது. அது மேற்பூச்சை அரித்துவிடும்.

புதிதாக வாங்குவோர் முதலில் தொட்டியின் உயரத்தை நோக்குக. 10 மீட்டர் உயரத்து நீரே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். நம் தொட்டிகளோ பெரும்பாலும் ஷவருக்கு 2 மீட்டர் மேலே உள்ளன. கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கே. கூரையில் பொருத்தும் அகன்ற மழை ஷவர் இதற்கு ஏற்றதன்று. சுவரில் பொருத்தும் சிறிய ஷவரே போதும். முதியோரும் குழந்தைகளும் உள்ள இல்லத்திற்குக் குழாயுடன் கூடிய கை ஷவர் உகந்தது. விரலால் தேய்த்தாலே பொருக்கு உதிரும் ரப்பர் துளைகள் உள்ளதைக் கேட்டு வாங்குக.

பொருத்தும்போது மரையில் டெஃப்லான் டேப்பை, ஷவரைத் திருகும் திசையிலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுக. வாஷரை மறவாது வைத்துக் கையாலேயே இறுக்குக. கசிந்தால் மட்டும், துணி சுற்றி ஸ்பேனரால் சிறிது திருகுக.

இறுதியாக ஒன்று. 15 லிட்டர் வாளியை ஷவரின் கீழ் வைத்துக் கடிகாரம் பாருங்கள். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால், ஐந்து நிமிடக் குளியலுக்கு 50 லிட்டர். அதாவது மூன்று வாளிக்கும் மேல்! சோப்புப் பூசும் நேரத்தில் குழாயை மூடுவோம். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் வருவாய் சுருங்கிய இல்லங்கள் நம்மிடையே பல. வீணாகும் நீரும், வீணாக எறியப்படும் ஷவரும் நம் உழைப்பின் பணமே அன்றோ?