கல்லுக்குள் கல்

நகைக்கடைக்கு நீலக்கல் வாங்கச் செல்லும் குடும்பத்தினர், கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முதலிலே தேடுவது குற்றத்தைத்தான். கீற்று ஓடுகிறதா, புள்ளி தெரிகிறதா, புகை படர்ந்திருக்கிறதா என்று நோக்கி, அப்படி ஏதேனும் இருப்பின் விலையைக் குறைக்கச் சொல்வர். அல்லது கல்லே வேண்டாமென்று எழுந்துவிடுவர். இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. மதுரைக் கடைத்தெருவின் வயிரங்களைப் புகழவந்த இளங்கோவடிகள், காகபாதம் முதலிய குற்றங்கள் நீங்கியவை அவை என்று கூறுவதை ஊர்காண் காதை படித்த மாணவர் அறிவர்.

ஆனால், அந்தக் கீற்றுக்காகவும் புள்ளிக்காகவுமே கல்லைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உண்டு. அவர்களுள் தலையாயவர் சுவிற்சர்லாந்தின் எட்வார்ட் கூபெலின் (1913–2005). பளிங்கு உருவாகும்போது அதனுள்ளே அகப்பட்டுக்கொண்ட வேற்றுக் கனியங்களையும், திரவத் துளிகளையும், வாயுக் குமிழிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்து, கல் எந்த நாட்டில் எவ்விதம் பிறந்தது என்பதைக் கூற முடியுமென்று காட்டியவர் அவர். 1953இல் இப்பொருள் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. வணிகர் குற்றம் என்றதை அவர் பிறப்புச் சாட்சிப்பத்திரமாகப் படித்தார் எனலாம். அவர் படித்த கற்களுள் நமது இலங்கைக் கற்களும் பல.

ஊவா மலைநாட்டில் வாழ்வோர்க்கு இக்கலை பயில நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. எல்லவுக்கு வருவோர் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர். 1924இல் பதுளையை எட்டிய அந்தப் புகையிரதப் பாதைக்காக வெட்டப்பட்ட பாறைகளை நின்று பார்ப்பவரோ அரியர். இம்மலைத்தொகுதியின் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அவற்றில் மாதுளை முத்துப்போற் சிவந்து தெரியும் மணிகள் கார்னெட். அம்மணி வளரும்போது அருகிலிருந்த படிகத் துணுக்குகளையும், சிலிமனைற்று என்னும் ஊசிகளையும் விழுங்கிக்கொண்டே வளர்ந்தது. வெளியிலுள்ள பாறை பின்னர் எத்தனையோ மாற்றங்களுக்கு ஆளாயிற்று. உள்ளே அகப்பட்டவை மட்டும் பழைய நிலையைக் காத்து நிற்கின்றன. புவியியலாளர் அவற்றைக்கொண்டு, பாறை எத்துணை ஆழத்தில், எத்துணை வெப்பத்தில் இருந்தது என்று கணிக்கின்றனர்.

எல்லவிலிருந்து வெல்லவாய வழியே கீழிறங்கி, புத்தல கடந்தால் ஒக்கம்பிட்டிய. அங்கே இல்லம் எனப்படும் இரத்தினச் சரளையை அகழ்ந்து நீலக்கற்களை எடுக்கின்றனர். இலங்கை நீலக்கற்கள் சிலவற்றில் நாம் மிக வியக்கும் பொருள் ஒன்றுண்டு: கண்ணுக்குத் தெரியாத சிறு அறையில் அடைபட்ட காபனீரொட்சைட்டுத் திரவமும், அதில் மிதக்கும் வாயுக் குமிழியும். எல்லவின் குளிர்ந்த காலையில் அத்தகைய கல்லைக் கண்ணாடியால் நோக்கினால் குமிழி தெரியும். உள்ளங்கையில் மூடிச் சற்றே சூடேற்றிப் பாருங்கள். 31 பாகை செல்சியசை அணுகும்போது குமிழி மறைந்துவிடும்! கல் ஆறியதும் மீண்டும் வந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் சிறையிருந்த வாயு நம் கைச்சூட்டுக்கு இசைந்து ஒளிந்து விளையாடுகிறது.

நட்சத்திர நீலக்கல்லின் ஆறு கதிர்களும் உட்பொருளின் கொடையே. ரூட்டைல் என்னும் நுண்ணூசிகள் மூன்று திசையில் வரிசையாகக் கிடந்து ஒளியைச் சிதறுவதால் அவை தோன்றுகின்றன. வீட்டிலுள்ள பட்டுநூற் கட்டையை விளக்கின் கீழ்ப் பிடித்தால், நூலுக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கோடு ஓடுவதைச் சிறுவரும் காணலாம். அத்தகைய கோடுகள் மூன்று ஒன்றையொன்று வெட்டினால் நட்சத்திரம். நியூயோர்க் அரும்பொருட்சாலையிலுள்ள, 563 கரட் நிறையுடைய 'இந்திய நட்சத்திரம்', பெயர் எதுவாயினும், இலங்கையில் கிடைத்ததென்றே கொள்ளப்படுகிறது.

இந்த ஊசிகளை மதியாததால் நாம் இழந்ததும் உண்டு. பால்போல் மங்கிய கெவுடா என்னும் கல்லை நம்மவர் பயனற்றதென்று ஒதுக்கினர். 1970களில் தாய்லாந்து வணிகர் அதை மலிவாக வாங்கிச் சென்று, 1,500 பாகைக்கு மேற்பட்ட உலை வெப்பத்தில் இட்டனர். மங்கலுக்குக் காரணமான ரூட்டைல் கரைந்தது. அதன் டைட்டானியம் கல்லிலிருந்த இரும்புடன் சேர்ந்து தெளிந்த நீலத்தைத் தந்தது. இலாபம் யாருக்கென்று சொல்லவேண்டுமோ? இன்றோ நிலைமை மறுபுறம் திரும்பியுள்ளது. உலையிற் படாத கல்லுக்கே உயர்ந்த விலை. அதற்குச் சாட்சி, கரையாத ஊசியும் வெடிக்காத குமிழியுமே. முன்பு விலையைக் குறைத்த புள்ளியே இன்று விலையைக் கூட்டுகிறது.

மாணவர்க்குச் சில சொற்கள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும். உரிமம் இன்றி இரத்தினக்கல் அகழ்வது 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மலைச்சரிவை எக்காரணத்திற்காகவும் தோண்டலாகாது; 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. புகையிரதப் பாதையின் பாறைகளைத் தள்ளி நின்று பார்ப்பதே தகும். வீதியோரத்தில் உதிர்ந்த துண்டுகளே பயிற்சிக்கு ஏராளம். பளபளப்பைக் கண்டு மயங்காது, உள்ளே ஏதேனும் கொண்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

எடுத்த இடத்திலேயே சீட்டெழுதிவிட வேண்டும். எந்த வீதி, எத்தனையாவது கிலோமீற்றர்க் கல், ஓடைக்கு எப்புறம், என்ன திகதி என்பவை வேண்டும். இடந்தெரியாத கல் எத்துணை அழகாயினும் ஆராய்ச்சிக்கு உதவாது. ஒவ்வொன்றையும் தனித்தனித் தீப்பெட்டியில் பஞ்சிட்டு வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் மை கரைந்துவிடும்.