நிழலுக்கு எதற்கு டிக்கெட்?

பூங்காவுக்குக் கட்டணம் வைத்தால்தான் சுத்தமாக இருக்கும், ஏழைகளுக்கு மெரினா கடற்கரை இருக்கிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன்.

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து வந்துபோகும் செலவு தனி. நகருக்குள் இருந்த குடிசைகளை அகற்றி அங்கே வாழ்ந்தவர்களை அவ்வளவு தூரம் அனுப்பியது யார்?

கட்டணம் இல்லாவிட்டால் பாழாகுமாம். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் காசு வாங்குவதில்லை. விடியற்காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். செடியைக் காப்பது தோட்டக்காரரின் உழைப்பும் தண்ணீரும். அவற்றுக்கான பணம் மக்களின் வரியிலிருந்து வரவேண்டியது.

மெரினாவா? மே மாத மதியத்தில் அந்த மணலில் ஒரு கைக்குழந்தையோடு ஒதுங்க மரம் எங்கே இருக்கிறது?

பசுமையை ஆடம்பரமாகப் பார்ப்பதுதான் கோளாறு. இங்கிலாந்து மக்களை ஆராய்ந்து 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் மிட்செலும் பாப்ஹாமும் எழுதினார்கள்: பசுமை மிகுந்த பகுதிகளில் ஏழை, பணக்காரர் இடையிலான இறப்பு விகித இடைவெளி குறைவு. அதாவது, மரம் அதிகம் தேவைப்படுவது வசதியற்றவருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமைவெளி வேண்டும் என்கிறது. அடுத்த பூங்காவுக்கு நிலம் தேடும் அதிகாரிகள் அந்த அளவுகோலோடு முதலில் பெரும்பாக்கத்துக்கும் அதைப் போன்ற மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகருக்கும் போகட்டும்.