மிச்சம் எவ்வளவு?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பா கடற்கரையில், மகதலேன் மரியாள் பெயரில் ஒரு தேவாலயம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசை கிடையாது. உள்ளே ராக்கெட் மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும்தான். கோயில் விண்வெளி அருங்காட்சியகமாகிவிட்டது.

காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் செல்கிறது. மேல்வானத்தை ஆராய இதைவிட நல்ல இடம் அமையாது என்று 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் முடிவு செய்தார். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டர் நீளம். சுமார் 600 ஏக்கர். ஆனால் அங்கே மீனவர்களின் வீடுகள் இருந்தன. கோயிலும் ஆயரின் இல்லமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா, ஞாயிறு பூசையில் சபையாரிடமே விஷயத்தை வைத்தார், அவர்கள் 'ஆமென்' என்றார்கள் என்று பின்னாளில் அப்துல் கலாம் எழுதினார். மக்கள் பள்ளித்துறைக்குக் குடிபெயர்ந்தார்கள். புதுக் கோயில் அங்கே எழுந்தது. பழைய கோயில் விஞ்ஞானிகளின் அலுவலகமானது. 1963 நவம்பர் 21ல் முதல் ராக்கெட் கிளம்பியது.

இதைக் காணிக்கை என்று சொல்லலாமா? அரசாங்கம் முறைப்படி கையகப்படுத்திய நிலம்தானே, மீனவன் மறுத்திருந்தால் விட்டிருப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் கேட்டு வாங்குவதற்கும் பிடுங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த ஒரு ஞாயிறு அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியது.

தசமபாகம் பற்றிக் கிறிஸ்தவ வீடுகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் வேறு திசையில் போகிறது. பத்தில் ஒன்று என்பது பிடித்தம் போகவா, போகும் முன்பா? போனஸுக்கும் உண்டா? ஏழைக்குக் கொடுத்ததைச் சபைக்குக் கொடுத்ததாகக் கழித்துக்கொள்ளலாமா? பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இது கறாரான கடமை. கத்தோலிக்கத் திருச்சபையோ விகிதம் எதையும் விதிப்பதில்லை; தேவையறிந்து இயன்றதைக் கொடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

மோசேயின் சட்டம் பத்தில் ஒன்றைக் கேட்டது உண்மை. அது யாருக்குப் போனது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. சொந்த நிலம் இல்லாத லேவியருக்குப் போனது. மூன்றாம் வருஷத்துப் பங்கில் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரிமை இருந்தது. வாங்கியவருக்கும் கடமை இருந்தது.

மாதச் சம்பளக்காரனுக்குப் பத்து சதவீதம் சுலபமான கணக்கு. கடலில் போகிறவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஒருநாள் வலை நிறையும். பத்து நாள் மண்ணெண்ணெய்க் காசு கூடத் தேறாது. திருவனந்தபுரம் முதல் குமரி வரை பல கரைகளில், பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். பிடிபட்டால் பங்கு, இல்லாவிட்டால் இல்லை. அதில் ஒரு கருணை இருக்கிறது. அந்தப் பங்கை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டபோது, கருணை போய்க் குத்தகை வந்தது. கரைகளில் சண்டையும் வந்தது.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதை எல்லா நன்கொடைக் கூட்டங்களிலும் சொல்லப்படுகிறது. மாற்கு நற்செய்தியில் அதற்கு நேர் முன்னால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடம் அது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் பார்த்தது விழுந்த தொகையை அல்ல, போட்டவளிடம் மிச்சமிருந்ததை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரம் உள்ளிட்ட கேரளக் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அரசுக் கணக்குப்படி அவர்கள் காப்பாற்றியவர்கள் 65,000 பேருக்கு மேல். மதில்களிலும் மரங்களிலும் மோதிப் பல படகுகள் சேதமாயின. அரசு அறிவித்த தினப்படி வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். படகுதான் அவர்களுடைய முழுச் சொத்து. இதில் பத்தில் ஒன்று எங்கே?

அதே கடற்கரையில், கடல் வீட்டைக் கொண்டுபோன குடும்பங்கள் வலியதுறையின் பழைய கிடங்கில் வருஷக்கணக்கில் வாழ்ந்தன. அவர்களுக்கு வீடு வேண்டும் என்பது, 2022ல் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் நடத்திய விழிஞ்ஞம் துறைமுகப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று.

கொடுத்தவர்களின் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கிறது. பார்க்க வேண்டியது வாங்கியவர்களின் கணக்கு. அதில் சபையும் வரும், அரசாங்கமும் வரும்.