பட்டனால் பிடிமானம் வராது

டாலஸில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் கார்ப் பேச்சு ஆரம்பித்தது. புதிதாக 700 குதிரைத்திறன் வண்டி வாங்கியிருக்கும் தம்பி ஒருவர், நேர்க்கோட்டுப் பந்தயம் ஓடும் டிராக் ஸ்ட்ரிப்புக்கு முதல்முறை போய்விட்டு வந்த கதையைச் சொன்னார். "டயர்ல காத்து எவ்வளவு வச்சீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம்ணா. இப்பதான் லாஞ்ச் கன்ட்ரோல் இருக்கே. பட்டனை அமுக்கிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிச்சு, பிரேக்கை விட்டா போதும். மிச்சத்தை கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வசனத்தை இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்க வேண்டுமோ தெரியவில்லை.

லாஞ்ச் கன்ட்ரோல் செய்யும் வேலை என்ன? வண்டி நிற்கும்போது இன்ஜின் சுழற்சியை ஓர் அளவில் பிடித்து வைக்கிறது. பிரேக்கை விட்டதும் விசையை அளவாகச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. சக்கரம் வழுக்கினால் இன்ஜினை அடக்குகிறது. அவ்வளவுதான். வழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்குச் சேதியே தெரியும். தெரிந்தாலும் விசையைக் குறைப்பது தவிர அதற்கு வேறு வழி கிடையாது. டயருக்கும் தரைக்கும் நடுவில் இல்லாத பிடிமானத்தை எந்தக் கம்ப்யூட்டர் உண்டாக்கித் தரும்? பின்சக்கர வண்டி என்றால் அந்த 700 குதிரைத்திறனும் தரையில் இறங்குவது உள்ளங்கை அகல ரப்பர் இரண்டின் வழியாகத்தான். அந்த ரப்பரைக் கவனிக்காதவர் பட்டனைப் பற்றிப் பேசவே கூடாது.

பட்டனை நம்புகிறவர்கள் எனக்கு ஒரே ஒரு வண்டிக்குப் பதில் சொன்னால் போதும். 2018 மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமன். சாதாரண பெட்ரோலில் 808, பந்தய பெட்ரோலில் 840 குதிரைத்திறன். கால் மைல் தூரத்தை 9.65 விநாடியில், 140 மைல் வேகத்தில் முடித்த வண்டி. லாஞ்ச் கன்ட்ரோல் அதிலும் இருந்தது. அதற்கு மேல், கியர்பாக்ஸைப் பூட்டி வண்டியை நிறுத்தி வைக்கும் டிரான்ஸ்பிரேக்கும் இருந்தது. பட்டன் போதுமென்றால் டாட்ஜ் பொறியாளர்கள் அத்தோடு வேலையை முடித்திருப்பார்கள். அவர்கள் செய்தது என்ன? நிட்டோ கம்பெனியின் 315 மி.மீ. அகல டிராக் ரேடியல் என்ற, ஸ்ட்ரிப்புக்கென்றே செய்த பிடிமான டயரை நான்கு சக்கரத்துக்கும் போட்டார்கள். ஸ்பிரிங்குகளை இளக்கி, புறப்படும்போது மூக்கு எழும்பி எடை பின்சக்கரத்தில் உட்காரும்படி ஷாக் அப்சார்பரை அமைத்தார்கள். ஏசியின் குளிர்ச்சியைத் திருப்பி இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர வைத்தார்கள். பக்கத்து இருக்கையையும் பின்னிருக்கையையும் எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் ஒரு டாலர் கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு பெரிய பெட்டியையும் விற்றார்கள். முன்னால் மாட்டுவதற்கு ஒல்லியான சக்கரங்கள், ஜாக்கி, டார்க் ரென்ச், இவற்றோடு டயர் காற்றழுத்தம் பார்க்கும் ஒரு கேஜ். உலகத்தையே மிரட்டிய டிராக் காரைக் கட்டியவர்கள், வாங்குகிறவன் கையில் கேஜைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் தம்பிக்கோ காற்றுப் பார்ப்பது அந்தக் கால வேலை!

அதே டாட்ஜின் இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2015 சேலஞ்சர் ஹெல்கேட், 707 குதிரைத்திறன். கம்பெனி டயரில் கால் மைல் 11.2 விநாடி, டிராக் ரேடியல் போட்டதும் 10.8. இன்ஜின் அதேதான். ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டவில்லை. ரப்பர் மட்டும்தான் மாறியது.

அந்தத் தம்பிக்கு ஸ்ட்ரிப்பில் கொடுத்த நேரச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் 12.1 விநாடி, 123 மைல். மேலே 60 அடிக்கு எதிரே 2.3. இவ்வளவு வேகத்தில் கோட்டைத் தாண்டிய வண்டியில் சக்திக்குக் குறைவே இல்லை. நேரம் முழுக்க முதல் 60 அடியிலேயே புகையாகப் போயிருக்கிறது. 60 அடியில் விட்ட ஒவ்வொரு 0.1 விநாடியும் கோட்டருகே ஏறக்குறைய 0.15 முதல் 0.2 வரை திரும்பி அடிக்கும் என்பது ஸ்ட்ரிப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தம்பியோ, "டியூன் பண்ணி இன்னும் 80 குதிரைத்திறன் ஏத்தப் போறேன்" என்கிறார். இருக்கிற 700-ஐயே இறக்க முடியாத டயரில் 780-ஐ ஏற்றி என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புகை விடலாம்.

புறப்படும் கோட்டில் ஒருமுறை இறங்கி நடந்து பாருங்கள். பிசினைத் தெளித்து, அதன் மேல் ரப்பரைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய தரை அது. ஒவ்வோர் அடிக்கும் செருப்பைப் பிடித்து இழுக்கும். கட்டாத ஷூவாக இருந்தால் கழன்று அங்கேயே நிற்கும். அந்தத் தரையின் பலனைப் பெற டயர் சூடாக இருக்க வேண்டும், அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற ஆள், டிராக் ரேடியலில் 20-க்குப் பக்கத்தில் இறக்குவார். சாதாரண டயரில் சிறுகச் சிறுகக் குறைத்துப் பார்ப்பார். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றிக்கொள்வார். பள்ளம் வெட்டிய சாதாரண டயர்க்காரர், டயரை நனைத்துச் சுழற்றுவதற்காகக் கோட்டுக்கு முன்னால் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கவே மாட்டார். சுற்றிக்கொண்டு போய் லேசாக ஒரு சுழற்று சுழற்றி டயரைத் துடைத்துக்கொள்வார். நம் ஆட்கள் நேராகத் தண்ணீருக்குள் இறக்கி, பள்ளமெல்லாம் நீரோடு வந்து கோட்டில் சொட்ட விடுகிறார்கள். பின்னால் வரிசையில் நிற்பவனுக்கும் சேர்த்துக் கெடுதல்.

இந்த மூடநம்பிக்கையை வளர்த்ததில் கம்பெனி விளம்பரங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 60 மைல் வேகத்தை 1.99 விநாடியில் தொடும் என்றார்கள். முதல் ஓரடித் தூரத்துக்கான நேரத்தைக் கழித்துவிட்டுச் சொன்ன கணக்கு அது. 2021-ல் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை சோதித்தபோது, பிசின் தெளித்த ஸ்ட்ரிப்பில் 1.98, சாதாரணத் தார்த்தரையில் 2.07. வண்டியும் அதே, பட்டனும் அதே. தரை மாறியது, நேரமும் மாறியது. அந்த பிளெய்டிலும் டிராக் ஸ்ட்ரிப் மோடைத் தட்டினால் பேட்டரியைத் தயார்செய்யப் பல நிமிடம் காக்க வைக்கும். தயாரிப்பு வேண்டாம் என்று அந்தக் கம்ப்யூட்டரே சொல்லவில்லை. அதை நம்புகிறவர்கள்தான் சொல்கிறார்கள்.

பட்டனை அமுக்கினால் ஆபத்தில்லை என்ற நினைப்பும் இதன் கூடப் பிறந்ததுதான். 2008-ல் அமெரிக்காவுக்கு வந்த நிசான் ஜிடி-ஆரில் லாஞ்ச் செய்து கியர்பாக்ஸை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. வாரண்டித் தகராறு வந்தது. பின்னர் நிசானே மென்பொருளை மாற்றி, புறப்படும் சுழற்சியைக் குறைத்தது. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. கியர் ஆயில் சூடாகாமல் முதல் ஓட்டத்திலேயே முழு மிதி மிதிப்பதும், இன்ஜின் கொதிக்கக் கொதிக்க இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து ஓடுவதும் அந்த எல்லையோடு மோதுகிற வேலை.

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது பொதுச் சாலையில் லாஞ்ச் செய்கிறவர்கள். டாலஸ் நெடுஞ்சாலையிலும் பார்க்கிறேன், ஊருக்குப் போனால் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பார்க்கிறேன். மணலும் எண்ணெயும் கிடக்கும் தரை, குளிர்ந்த டயர், ஓரத்தில் நடந்து போகும் மனிதர்கள். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற அதே நம்பிக்கைதான் அங்கேயும் காலை அழுத்த வைக்கிறது. ஸ்ட்ரிப்பிலேயே பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் 9.65 ஓடக் கூடாது என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ டீமனைத் தடுத்தது. இருபுறமும் சுவர் கட்டி, ஆம்புலன்ஸ் நிறுத்திய இடத்திலேயே அந்தக் கண்டிப்பு. சாலையில் செய்கிறவனை ஓட்டுநர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நேர்க்கோட்டில் ஓடுவதற்கு என்ன திறமை வேண்டும் என்று வளைவுப் பந்தயக்காரர்கள் அலட்சியமாகக் கேட்பதும் எல்லாம் பட்டன் வேலை என்ற இந்தப் பேச்சால்தான். புறப்படும் கோட்டில், வண்டி சரியான இடத்துக்கு வந்துவிட்டதைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரியும் நொடியில் முன்சக்கரத்தை நிறுத்தக் கற்றுக்கொள்வதும், வெயில் ஏற ஏறப் புறப்படும் சுழற்சியைத் திருத்துவதும், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் திறமை இல்லையென்றால் வேறு எதைத் திறமை என்பார்கள்?

லாஞ்ச் கன்ட்ரோலைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். டயரும் தரையும் சூடும் தயாரான பிறகு அது நல்ல வேலைக்காரன். அதற்கு முன் அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்த ஓட்டத்துக்குப் போகும்போது ஒரு நல்ல கேஜும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று, வெப்பம், சுழற்சி, 60 அடி நேரம் நான்கையும் எழுதி வையுங்கள். 60 அடி நேரம் குறைவதற்கு முன்னால் குதிரைத்திறனுக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.